பவானியின் இடது கண்

அந்த அறையில் அக்கா இருந்தாள். நான் இருந்தேன். அக்கா மகள் பவானி என் மடியில் இருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா இருந்தார். அக்கா வீட்டுக்காரர் மாமா இல்லை, பல்லாவரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மா இல்லை, சிட்லபாக்கத்தில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருக்கோடியில் குடியிருக்கும் அம்மனும் அந்த அறையில் இல்லை என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது.

"கண்ணுக்குள்ள கட்டி. கேன்சர்தான். லெஃப்ட் ஐல பார்வை ஏற்கெனவே போயிடுச்சு. அந்தக் கண்ணை எடுத்துடணும். நாள் தள்ளினா நரம்பு வழியா மூளைக்குப் போயிடும்" என்றார் டாக்டரம்மா. அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். படித்தவன் மாதிரி இருப்பவனிடம்தான் எல்லோரும் சொல்வார்கள்.

பவானி அவர் மேசையிலிருந்த டார்ச்சை எடுத்து என் மூக்கில் அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இன்னாடா சொல்றாங்க? ஆப்பரேஷன் பண்ணா சரியாயிடுமாமா?"

டாக்டரம்மா சொன்னது தமிழ்தான். அக்காவுக்கும் காது கேட்கும். ஆனாலும் தம்பி வாயால் வேறு மாதிரி வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். எங்கள் வீட்டில் ரேஷன் கார்டிலிருந்து கரண்ட் பில் வரை நான் படித்துச் சொன்னால்தான் அது நடக்கும். பட்டப்படிப்பு முடித்தவன் நான் ஒருவன்தான். குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் பில் போடுகிற வேலை செய்கிறேன்.

அன்று நான் படித்துச் சொன்னது இதுதான்: "கண்ணை எடுக்கணுமாம்க்கா."

நம் அம்மன் கோயிலுக்கு வரும் உங்களுக்கு என் அக்கா தேவியைத் தெரியும். பவானியையும் தெரியும். அவள் கண்ணைப் பற்றி உங்களில் பலபேர் பேசியதும் எனக்குத் தெரியும். எது எப்படி நடந்தது என்பதை முழுசாக யாரும் கேட்டதில்லை. அதனால் இந்த ஆடியில் நான் எழுதுகிறேன்.

இரண்டு ஆடிக்கு முன்னால் கூழ் ஊற்றிய அன்று, சாயங்கால தீபாராதனையில் அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். பவானிக்கு அப்போது ஒன்றரை வயது. கற்பூரத் தட்டு அவள் பக்கம் திரும்பியபோது இடது கண் பளிச்சென்று மின்னியது. கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக, பூனைக் கண் இருட்டில் மின்னுவது போல. பக்கத்தில் நின்ற கன்னியம்மா அக்காவுக்கு அப்போதே அருள் வந்துவிட்டது. "ஆத்தா வந்துட்டாடி! புள்ள கண்ணுல குந்திகினாடி!" என்று கத்தினார். உடுக்கை நின்றுவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். பூசாரி தட்டை மறுபடி காட்டினார். மறுபடி மின்னியது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் வீட்டு வாசலில் எலுமிச்சம்பழத்தோடு நாலு பேர் நிற்பார்கள். பவானி கையால் திருநீறு வாங்கிக்கொண்டு போவார்கள். அக்கா பெருமையில் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டாள். தறி ஓடாமல் போன குடும்பம், ஆற்றோரத்தில் ஒற்றை அறை வீடு, மழை பெய்தால் முட்டிக்கால் தண்ணீர். இப்படிப்பட்ட வீட்டுக்கு அம்மன் தேடி வந்தாள் என்றால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது? எனக்கும் இருந்தது. குழந்தைக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடி என் மடிதான். அன்று எடுத்த போட்டோவிலும் அந்தக் கண் மட்டும் வெள்ளையாக விழுந்திருந்தது. கேமரா பிளாஷையே அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று எல்லோரிடமும் காட்டினேன்.

முக்கால் வருஷத்துக்கு மேல் நாங்கள் அந்தக் கண்ணைக் கும்பிட்டோம்.

கண்டுபிடித்தது அங்கன்வாடி டீச்சர்தான். பவானி பொம்மையைப் பிடிக்கப் போய்ப் பக்கத்தில் பிடிக்கிறாள், இடது கண் மூக்கைப் பார்க்கிறது என்று அவருக்குச் சந்தேகம். வலது கண்ணைக் கையால் மூடியிருக்கிறார். குழந்தை அப்படியே நின்று இரண்டு கையாலும் காற்றைத் துழாவி அழுதிருக்கிறாள். டீச்சர் வேலை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து, "நாளைக்கே கண்ணாஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி. அங்கிருந்து நான் முதலில் சொன்ன அந்த அறை.

வீட்டுக்கு வந்ததும் மாமாவிடம் சொன்னேன். குமார் மாமா நல்ல மனுஷர். தண்ணி கிடையாது, சவாரி விட்டால் வீடு. என்னை அவர் ஒருநாளும் கைநீட்டிப் பேசியதில்லை. அன்று பேசினார்.

"காலேஜுக்குப் போய் இத்தான் கத்துகினியா மச்சான்? எம் பொண்ணு கண்ண நோண்டணும்னு அவங்க சொல்றாங்க, நீயும் தலைய ஆட்டிட்டு வந்து எங்கைல சொல்ற?"

"நோண்டலன்னா உசுரு போயிடும் மாமா."

"யாரு உசுரு? தோ, ஆடிகினு கீறா பாரு! வலின்னு அழுதாளா? ஜுரம் வந்துச்சா? அவங்களுக்கு கேஸு வேணும், நீ புட்சி குடுக்கற."

பவானி அப்போது வாசலில் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள். பார்த்தால் யாருக்கும் நோயாளிக் குழந்தை என்று தோன்றாது. அதுதான் எங்களைக் கொன்றது.

அக்கா எழுந்து போய் சாமி படத்துக்கு முன்னால் மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். "தாயே, கண்ணு நல்லாயிட்டா வெள்ளில கண்மலர் செஞ்சி சாத்தறேன்" என்று வேண்டிக்கொண்டாள். கண்ணில் கோளாறு வந்தால் அம்மனுக்குக் கண்மலர் சாத்துவது நம் வழக்கம். நானும் அதையேதான் வேண்டினேன். கண்ணைக் கொடு, கண்ணைக் கொடு. ஆபீசில், பஸ்ஸில், பில் அடித்துக்கொண்டே வேண்டினேன்.

அம்மன் கொடுக்கவில்லை.

செங்கல்பட்டு பக்கம் ஒருவர் பச்சிலைச் சாறு விட்டுக் கண்கட்டி கரைக்கிறார் என்று யாரோ சொல்லி, மாமா ஆட்டோவிலேயே கூட்டிக்கொண்டு போனார். வாரா வாரம் போனார்கள். சாறு விட்டால் குழந்தை துடிக்கும். "எரிஞ்சாதான் கரையும்" என்று அவர் சொல்லியிருந்தார். எரிந்தது. கரையவில்லை. கண் சிவந்து வீங்கி, முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகுதான் பவானி முதல்தடவையாக வலியில் அழுதாள். தலையைத் தரையில் முட்டி முட்டி அழுதாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. மாமா எடுக்கவில்லை. அக்காவை எடுக்க விடவில்லை. பிறகு சிம்மையே மாற்றிவிட்டார்.

ஒரு நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தை இல்லாமல் போய் என்ன செய்வது? அங்கே வராண்டாவில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, பெயர் மங்கை, நாலு வயதுப் பையனை மடியில் போட்டுக்கொண்டிருந்தார். பையன் பெயர் கார்த்தி. அவனுக்கும் அதே நோய். ஒரு கண் கட்டுப் போட்டிருந்தது. தலையில் நீலக் கம்பளிக் குல்லா.

"எப்போ கண்டுபிடிச்சீங்க?" என்றேன்.

"போன வருசமே சொன்னாங்க. நாங்கதான் ஒத்துக்கல. மந்திரிச்சோம், கயிறு கட்டுனோம். கொண்டாந்தப்ப உள்ள போயிடுச்சுன்னுட்டாங்க." பேசிக்கொண்டே பையன் குல்லாவைச் சரிசெய்தார். "நீங்க எப்போ கண்டுபிடிச்சீங்க?"

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டேன்.

ஆடி பிறந்தது. தெருவில் பந்தல் போட்டார்கள். கன்னியம்மா அக்கா வந்து, "இந்த வருசம் மொத கூழு பவானி கையாலதான் ஊத்தணும், ஆத்தா கண்ணு செவந்துகினு கீறா, ஊருக்கே ஏதோ ஆவப் போவுது" என்றார். வீங்கிய கண்ணைப் பார்த்தும் அப்படித்தான் சொன்னார். அவர் மனசில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவர் உண்மையிலேயே நம்பினார்.

இரண்டாம் வெள்ளி காலையில் ஆபீஸ் போகும் வழியில் கோயிலுக்குப் போனேன். கூட்டமில்லை. மைக் செட்காரர் மட்டும் ஒயரை இழுத்துக்கொண்டிருந்தார். நான் அம்மனுக்கு நேராக நின்று, உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், சண்டை போட்டேன். "கண்ணைக் கேட்டேன், தரல. சரி. வெச்சுக்கோ. குழந்தையையாவது குடு. அதுக்கு எங்க அக்காவுக்குப் புரியணும். நான் சொன்னா புரியல. என் படிப்பு இங்க எதுக்கும் ஆவல. சொல்லத் தெரிஞ்ச ஒரு ஆளை அனுப்பு. அதுகூட உன்னால ஆவலன்னா இனிமே இந்தப் படியேற மாட்டேன்."

வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஓர் அம்மா இறங்கினார். காட்டன் புடவை, தோளில் துணிப்பை. பின்னால் ஒன்பது பத்து வயதுப் பெண்.

"தம்பி, இங்க பவானின்னு ஒரு சின்னக் குழந்தை இருக்கற வீடு தெரியுமா? ஆஸ்பத்திரில குடுத்த அட்ரஸ்ல அனகாபுத்தூர், அம்மன் கோயில் பக்கம்னு மட்டும்தான் இருக்கு. இது நான் வர்ற மூணாவது அம்மன் கோயில்."

"அம்மா, கால் வலிக்குது" என்றது அந்தப் பெண்.

நான் செருப்பு ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒன்றைக் கையில் பிடித்தபடி நின்றேன். மைக் செட்காரர் இதைப் பார்த்தார். இன்றைக்கும் அவரைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்.

அவர் பெயர் சுமதி. சிட்லபாக்கத்தில் வீடு. கிழக்குத் தாம்பரத்தில் புற்றுநோய் வந்த குழந்தைகளின் குடும்பங்களுக்காகச் சிலபேர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன அறக்கட்டளையில் இருக்கிறார். சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள், வராமலே போனவர்கள், இவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதுதான் அவருடைய வேலை. சம்பளம் இல்லாத வேலை.

வீட்டில் மாமா கிளம்பிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி என்ற வார்த்தையைக் கேட்டதும் முகம் மாறியது. "சொல்லிட்டமே, வர மாட்டோம்னு. வூடு வரைக்கும் வந்துட்டீங்களா?"

சுமதி அக்கா தண்ணீர் மட்டும் கேட்டு வாங்கிக் குடித்தார். அவர் மகள் ஹரிணிதான் பேசினாள். மாமாவின் முன்னால் போய் நின்று முகத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"அங்கிள், என் கண்ணுல ஒண்ணு டூப்பு. எதுன்னு கரெக்டா சொல்லுங்க பாப்போம்."

மாமா திடுக்கிட்டுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குனிந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கடைசியில் ஒரு கண்ணைக் காட்டினார்.

"தப்பு! இது நிஜக் கண்ணு. உங்க மூக்குல இருக்கற பருகூட இதுல தெரியுது."

எங்கள் வீட்டில் யாரும் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. மாமா மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதைப் பார்த்து அக்கா சிரித்துவிட்டாள். சிரித்தவள் அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

"பள்ளிக்கூடத்துல கிண்டல் பண்ண மாட்டாங்களா கண்ணு?" என்று அழுதுகொண்டே கேட்டாள்.

"பண்ணுவாங்க ஆன்ட்டி. ஒருத்தன் கோலிக்கண்ணின்னான். கழட்டி உன் டிபன் பாக்ஸ்ல போட்றட்டுமான்னேன். ஓடிட்டான்."

அக்கா சுமதி அக்காவைப் பார்த்தாள். "பொம்பளப் புள்ளக்கா. கண்ணு இல்லாம வளத்தா நாளைக்கு எவன் கட்டுவான்?"

"கட்டிக் குடுக்கறதுக்கு அவ இருக்கணுமே தேவி."

அவர் புள்ளிவிவரம் சொல்லவில்லை, பயமுறுத்தவில்லை. ஹரிணிக்கு அந்த வயதில் வந்தபோது தானும் ஒப்புக்கொள்ளாமல் ஊர் ஊராக ஓடியதை மட்டும் சொன்னார். அவர் ஓடிய இடங்களில் அந்தப் பச்சிலைக்காரரும் இருந்தார். மாமா அதைக் கேட்டதும் கதவில் சாய்ந்துவிட்டார்.

இதற்குள் செய்தி தெரிந்து கன்னியம்மா அக்கா வந்துவிட்டார். "இன்னா தேவி, கண்ண எடுக்கப் போறியாமே? ஆத்தா குந்திகினு கீற கண்ணுடி அது! கை வெச்சா உன் குடும்பம் வெளங்குமா?"

அக்கா எழுந்தாள். பவானியைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். நான் என் அக்காவை அப்படிப் பார்த்ததே இல்லை.

"குந்தியிருந்தா எந்திரிச்சி வேற எடம் போவச் சொல்லுக்கா. இந்தத் தெருவுல அவளுக்கு எடமா இல்ல? எம் புள்ளைய வலில சாவடிச்சிதான் அவ குந்தணுமா? எங்க ஆத்தா அப்டி இல்ல."

அடுத்த வாரம் ஆப்பரேஷன். அன்றும் மாமா இல்லை. அக்கா கையெழுத்துப் போட்டாள். அவள் கையெழுத்து இரண்டே எழுத்து, அதைப் போட அவளுக்கு நெடுநேரம் ஆனது. மயக்க மருந்து கொடுக்கும் வரை ஒருவர் குழந்தையை வைத்துக்கொண்டிருக்கலாம் என்றார்கள். அக்காவால் முடியவில்லை. தாய்மாமன் மடிதான் மறுபடியும். காது குத்தும்போது அழுத மாதிரி அன்று அவள் அழவில்லை. என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, "மாமா, கோழி" என்றாள். அவள் கடைசியாக இரண்டு கண்ணோடு பேசிய பேச்சு அது. பொத்தானைப் பிடித்த கை தளர்ந்தபோது நான் அம்மன் பேரைச் சொல்ல முயன்றேன். வரவில்லை.

பிறகு டீ வாங்க வெளியே போனால், ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரில் மாமாவின் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. காலையிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறார். "உள்ள வர கால் வரல மச்சான்" என்றார். "அவ என்னைத் தேடினாளா?" "கோழியைத் தேடினா மாமா" என்றேன். சிரித்துக்கொண்டே ஹேண்டில்பாரில் முகத்தை வைத்துக்கொண்டார்.

இதோடு முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. எடுத்த கண்ணைச் சோதித்துப் பார்த்ததில், நோய் நரம்புப் பக்கம் நகர ஆரம்பித்திருந்தது தெரிந்தது. ஊசி மருந்து ஏற்றியே ஆக வேண்டும், அதற்குப் பிறகும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். கண்ணையும் கொடுத்தாயிற்று, இனி எதைக் கொடுப்பது? மாமா வீட்டுக்கு வந்து மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்து எறிந்தார். "கண்ணே போச்சு, கண்மலரு எதுக்கு? வேண்டுதல் கேன்சலு." அக்கா காசைப் பொறுக்கி மறுபடி முடிந்து வைத்தாள். எதற்கு முடிகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஆற்றுத் தண்ணீர் எங்கள் சந்துக்குள் வருமுன்பே சுமதி அக்கா எங்களைத் தாம்பரத்து வீட்டுக்கு மாற்றிவிட்டார். அறக்கட்டளை வாடகைக்கு எடுத்திருந்த வீடு. வெளியூர்க் குடும்பங்கள் தங்கிச் சிகிச்சை பார்ப்பார்கள். சமையல் பொது. வாசலில் சோப்பு வைத்திருப்பார்கள், கை கழுவாமல் யாரும் உள்ளே வரக்கூடாது. மருந்து ஏற்றினால் குழந்தைகளுக்கு எதிர்ப்புச் சக்தி போய்விடும். வெளிச் சாப்பாடு கூடாது, கூட்டம் கூடாது. கோயில் தீர்த்தமும் கூழும்கூடக் கூடாது. முந்தின வருஷம் ஊருக்கே திருநீறு கொடுத்த குழந்தைக்கு, அந்த வருஷம் யாரும் திருநீறு பூசக்கூடாது என்ற நிலைமை.

அந்த வீட்டில் மங்கை அம்மாவும் கார்த்தியும் இருந்தார்கள். அக்காவும் அவரும் சேர்ந்து சமைப்பார்கள். கார்த்தி பவானியை "ஒத்தக்கண்ணு" என்பான். அவள் திருப்பி "நீதான் ஒத்தக்கண்ணு" என்பாள். இரண்டு மொட்டைத் தலையும் ஒரே ஜன்னலில் நின்று ரயில் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.

கார்த்திகை மாதத்தில் கார்த்தி இறந்துவிட்டான்.

பவானிக்கு அப்போது ஜுரம். அவளும் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அக்கா திரும்பி வந்தபோது மங்கை அம்மா பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். அக்கா அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வாசலிலேயே நின்றுவிட்டாள். உயிரோடு இருக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் எதிரில் போக எந்த அம்மாவால் முடியும்? அவர்தான் எழுந்து வந்தார். பவானியின் மொட்டைத் தலையில் கை வைத்துப் பார்த்தார். "குளுரு அடிக்குதே" என்று சொல்லி, பெட்டியிலிருந்து அந்த நீலக் குல்லாவை எடுத்து அவள் தலையில் போட்டு, காது வரை இழுத்துவிட்டார். பிறகு பஸ்ஸுக்குப் போனார்.

"அவங்க வேண்டலியாக்கா?" என்று அக்கா சுமதி அக்காவைக் கேட்டாள். "அவங்க எங்கள விட நல்லவங்க. அவங்களுக்கு ஏன் தரல?"

"எனக்குத் தெரியாது தேவி. தெரிஞ்ச மாதிரி யாராவது சொன்னா நம்பாத."

எனக்கும் தெரியாது. இதை எழுதும்போதும் தெரியாது. என் வேண்டுதல் பலித்தது என்று எழுதக் கை வரும்போதெல்லாம் அந்தக் குல்லா கண்ணில் தெரிகிறது. ஆனால் கேட்டதற்குப் பதில் வந்ததை மறைத்தாலும் அது பொய்தானே? நான் ஓர் ஆளைக் கேட்டேன். செருப்புக் கையில் இருக்கும்போதே ஆள் வந்தார். அதை நான் பார்த்தேன். அந்த ஒன்றைத்தான் என்னால் சாட்சியாகச் சொல்ல முடியும்.

அந்த மாதங்களை நாங்கள் நம்பிக்கையோடு கழித்தோம் என்று நினைக்காதீர்கள். நம்பிக்கை இல்லாமல்தான் கழித்தோம். அடுத்த ஊசி இருக்கிறது என்பதற்காக எழுந்தோம். நாங்கள் விழுந்த இடத்தில் யாராவது ஒருவர் இருந்தார். மாமா சவாரி போக முடியாத நாளில் அரிசி வந்தது. அக்கா மயங்கி விழுந்த நாளில் அறக்கட்டளைப் பெண் ஒருவர் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டினார். அவர்கள் யாரும் எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று கேட்கவில்லை.

தை மாதத்தில் கடைசி மருந்து முடிந்தது. டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "இப்போ ஒண்ணும் இல்லை" என்றார். 'இப்போ' என்றுதான் சொன்னார். இன்னும் சில வருஷம் வந்து வந்து காட்ட வேண்டும். ஒவ்வொரு முறை மயக்கம் கொடுத்து வலது கண்ணைப் பார்க்கும்போதும் நாங்கள் வராண்டாவில் செத்துச் செத்துப் பிழைக்கிறோம்.

செயற்கைக் கண்ணுக்கு அறக்கட்டளைதான் ஏற்பாடு செய்தது. வலது கண்ணைப் பார்த்துப் பார்த்து அதே பழுப்பு நிறம் தீட்டினார் ஒருவர். பொருத்தியதும் பவானி கண்ணாடியைப் பார்த்துவிட்டு மாமாவிடம் திரும்பி, "எது டூப்பு, சொல்லு" என்றாள். ஹரிணி சொல்லிக்கொடுத்திருக்கிறாள். மாமா வேண்டுமென்றே தப்பாகச் சொன்னார். இப்போதும் தினமும் தப்பாகத்தான் சொல்கிறார்.

வியாழக்கிழமைகளில் மாமாவின் ஆட்டோ ஷேர் ஆட்டோ இல்லை. தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கும் குழந்தைகளை அந்த வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய் விடுகிறார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் சுமதி அக்காவோடு வீடு தேடிப் போகிறேன். சில வீடுகளில் கதவைச் சாத்துகிறார்கள். சில வீடுகளில் நாங்கள் போய்ச் சேரும்போது நேரமாகிவிடுகிறது. சில வீடுகளுக்குப் பவானியையும் கூட்டிக்கொண்டு போகிறோம். அவள் போய் முகத்தைத் தூக்கிக் காட்டி நிற்பாள். என் படிப்பு செய்யாததை அது செய்துவிடும்.

போன வெள்ளி அக்கா மஞ்சள் துணியை அவிழ்த்தாள். பல்லாவரம் சந்தைக்குப் போய், கோயில் சாமான் விற்கிற கடையில் கண்மலர் கேட்டோம். வெள்ளித் தகட்டில் இரண்டு கண், ரோஸ் தாளில் சுற்றியிருந்தது.

"ஒண்ணு மட்டும் தருவீங்களாண்ணா?" என்றாள் அக்கா.

"கண்ண தனியா யாரும்மா விப்பாங்க? ஜோடிதான்."

கோயிலுக்கு வந்து ஜோடியாகவே சாத்தினாள். கன்னியம்மா அக்கா அங்கே இருந்தார். கொஞ்ச நேரம் பவானியைப் பார்த்தார். பிறகு ஒரு எலுமிச்சம்பழத்தைக் குழந்தை கையில் கொடுத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

இதைப் படிக்கிற உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுக் குழந்தையின் கண் விளக்கிலோ போட்டோவிலோ வெள்ளையாக மின்னினால், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். பயமாக இருந்தால் என்னைக் கேளுங்கள், நான் கூட வருகிறேன். பிறகு இங்கே வந்து அவள் முன்னால் நில்லுங்கள். சண்டை வந்தால் சண்டை போடுங்கள். கேட்டது கிடைக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நீங்கள் படியிறங்குமுன் யாரையாவது அனுப்பிவைப்பாள் என்று நான் நம்புகிறேன்.

மொத்தம் எவ்வளவு செலவாச்சு என்று தெருவில் இன்னும் கேட்கிறார்கள். ஆப்பரேஷனுக்கு அரசாங்கக் காப்பீடு கொடுத்தது. மருந்துக்கும் தங்கியதற்கும் அறக்கட்டளை கொடுத்தது. கண்மலருக்கு முடிச்சிலிருந்த காசே போதுமாக இருந்தது. எங்களுக்கு ஆன செலவு ஒரு கண்.